கோடை இரவில் இலகு மீனுணவு: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

"ராத்திரிக்கு லைட்டா மீனும் காயும் சுட்டுக்கலாம்" என்னும் வாக்கியம், சித்திரை பிறந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள வாடகை வீடுகளில் அவ்வப்போது காதில் விழுகிறது. சொல்கிறவர் பெரும்பாலும் கணவர். அடுப்படியில் நிற்கிறவர் பெரும்பாலும் அவரல்லர். இரவு, இலகு, மீன், காய், சுடுதல் ஆகிய ஐந்தும் ஒரே நாளில் ஒரே அடுப்படியில் கூடுவது இந்த வட்டாரத்தில் எவ்வளவு அரிது என்பதை நோக்க, இதைப் பெரியதொரு தொழில்திட்ட அறிவிப்பாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. அறிவிப்பு எவ்வாறு நிறைவேறுகிறது, யார் வீட்டில் நிறைவேறுகிறது என்பவையே இவ்வாய்வின் வினாக்கள். இரண்டாம் வினாவுக்கான விடை வாசகர் நினைக்கிற வீட்டில் இல்லை என்பதை இப்போதே சொல்வது ஆய்வு நெறிக்குப் புறம்பு. ஆகவே சொல்லவில்லை.

களம்

கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி, மேற்கே சுங்குவார்சத்திரம், தெற்கே ஒரகடம் தாண்டி ஓடும் வாலாஜாபாத் சாலை. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் கார் வெளியே வந்தது. பிறகு பிரெஞ்சுக் கண்ணாடி, ஃபின்லாந்து செல்போன் (2006இல் தொடங்கி 2014இல் நின்றது), 2010இல் ரெனோ–நிசான், 2012இல் ஜெர்மானிய லாரி, அதற்கு அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. இவற்றைப் பற்றி வேறு துறையினர் நிறைய எழுதிவிட்டார்கள். அவர்களில் எவரும் மீனைத் தொடவில்லை.

காஞ்சிபுரம் வட்டாரத்தைப் பற்றிய எந்த ஆய்வும் பல்லவரைக் குறிப்பிடாமல் மேலே செல்லக் கூடாதென்பது மரபு. குறிப்பிட்டுவிடுகிறேன்: ஒரகடத்துக்குப் பக்கத்து மணிமங்கலத்திலும் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்தான் என்கிறது கூரம் செப்பேடு. வென்றவர்கள் அன்றிரவு என்ன சாப்பிட்டார்கள் என்று அது சொல்லவில்லை. செப்பேடு வெட்டியவர்களுக்கு நிலதானத்தில் இருந்த அக்கறை சாப்பாட்டில் இல்லாமல் போனது தமிழ் வரலாற்றெழுத்தின் பேரிழப்பு.

இரவு என்பது எப்போது

ஏ ஷிப்ட் காலை ஆறு, பி ஷிப்ட் மதியம் இரண்டு, சி ஷிப்ட் இரவு பத்து என்பது பொது வழக்கு. கம்பெனிக்குக் கம்பெனி அரைமணி முன்பின் ஆகும். ஏ ஷிப்ட்காரருக்கு இரவுணவு எட்டு மணிக்கு. பி ஷிப்ட்காரரைக் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிடும்போது பதினொன்றைத் தாண்டியிருக்கும். அவருக்கும் அது இரவுணவுதான். சி ஷிப்ட்காரரோ எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவதைக் காலையுணவு என்று சொல்லாததற்கு ஒரே காரணம் வெளியே இருட்டாக இருப்பது. அவர் காலை ஏழு மணிக்குத் திரும்பிவந்து மூடிவைத்த தட்டைத் திறப்பதையும் இரவுணவு என்றே கணக்கிட வேண்டும். ஆக இந்தத் தடத்தில் இரவுணவு இருபத்து நான்கு மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். சுட்ட மீனோ, சுட்ட கையோடு சாப்பிட வேண்டியது. குழம்பு காத்திருக்கும், வறுவல் ஓரளவு பொறுக்கும், சுட்டது அரைமணியில் சோர்ந்துவிடும். ஒரே வீட்டில் கணவர் பி ஷிப்ட், மனைவி ஜெனரல் ஷிப்ட் என்றால் இந்தப் பதார்த்தத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவது தவிர வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வந்தால் அதுவும் இல்லை.

கடல் மூடிய மாதங்கள்

மீனுக்கு வருவோம். ஆய்வின் கனமான பகுதி இதுதான்.

கோடையில் மீன் தின்ன வேண்டும் என்ற ஆசைக்கும் கோடையில் மீன் பிடிக்கக் கூடாது என்ற ஆணைக்கும் நடுவே தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை ஆண்டுதோறும் 61 நாட்கள் நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு இது 45 நாள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பது காரணம், நியாயமான காரணம். அக்னி நட்சத்திரம் முழுவதும் இந்தத் தடைக்காலத்துக்குள் பத்திரமாக அடங்குகிறது. அதாவது, வெயில் தாளாமல் "லைட்டா மீன்" என்று நாக்கு கேட்கும் நாட்களில்தான் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வலைகளுக்குத் தையல் நடக்கும். நாட்டுப் படகுகளுக்குத் தடையில்லை. ஆனால் அவை கொண்டுவருவதை முதலில் கடற்கரைக்காரர்கள் பார்க்கிறார்கள், பிறகு சென்னை பார்க்கிறது. கடலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கும் இந்தத் தடத்துக்கு வந்துசேர்வது வஞ்சிரத்தின் விலை மட்டுமே. அது ஆயிரத்தைத் தாண்டுவது ஆண்டுதோறும் வரும் செய்தி.

அப்படியானால் படப்பையிலும் சுங்குவார்சத்திரத்திலும் தெர்மகோல் பெட்டியில் பளபளக்கும் அயிலையும் மத்தியும் எங்கிருந்து? அரபிக்கடலிலிருந்து. மேற்குக் கரையின் தடை ஜூனில்தான் தொடங்குகிறது; அதுவரை கேரள, கர்நாடக மீன்கள் ஐஸில் படுத்தபடி மலை தாண்டி வருகின்றன. ஜூன் நடுவில் சில நாட்கள் இரண்டு கரைகளிலும் விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும். அந்த நாட்களில் இந்தத் தடத்தில் 'ஃப்ரெஷ் கடல் மீன்' என்று எழுதிய பலகையைப் பார்ப்பவர், பலகை ஃப்ரெஷ்ஷா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு முரணைக் குறிக்காமல் விடுவது பாவம். இந்தத் தடத்தின் ஆலைகளில் எந்தப் பொருளும் தேங்கக் கூடாது என்பது வேதம். காரின் சீட், பொருத்துவதற்குச் சில மணி நேரம் முன்புதான் உள்ளே வரும். அப்படிப்பட்ட ஒழுங்கில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வருகிற மனிதர், பிடித்து எத்தனை நாள் ஆனது என்று கடைக்காரருக்கே தெரியாத மீனை வாங்கிப் போகிறார். பக்கத்தில் ஓர் ஏரி இருப்பது அவருக்குத் தெரியும். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம்: முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் மட்டம் எத்தனை அடி என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அதில் மீன் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

ஏரி மீன் என்றாலே முகம் சுளிப்பவர்களின் வாதம் ஒன்றே: மண் வாடை. வேதியியல் இதற்கு ஜியாஸ்மின் என்று பெயர் வைத்திருக்கிறது. நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரும் இதை உண்டாக்குகின்றன. மீனின் கொழுப்பில் போய்த் தங்குகிறது. மனித மூக்கு இதை அநியாயத்துக்கு நுட்பமாகக் கண்டுபிடிக்கும். விசித்திரம் என்னவென்றால், கோடை முடிந்து முதல் தூறல் விழும்போது மண்ணிலிருந்து எழும் மணத்துக்கும் பெரும் காரணம் இதே ஜியாஸ்மின்தான். மழையில் வந்தால் கவிதை எழுதுகிறவர்கள், மீனில் வந்தால் தட்டைத் தள்ளுகிறார்கள். அமிலம் பட்டால் ஜியாஸ்மின் சிதையும். புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ மீனைக் கொஞ்ச நேரம் ஊறவைக்கிற வீட்டுப் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்த வேதியியல். கடல் மீனின் கவிச்சி வேறு சரக்கு. அது அமின் வகை, அதற்கும் புளி மருந்து. கோடையில் புளியைவிட மாங்காய் நல்லது என்பது இக்கட்டுரையாளரின் தனிப்பட்ட சார்பு. அதை மறைக்கும் எண்ணம் இல்லை.

ஏரி மீன்களில் ஆராயத்தக்கது ஜிலேபி. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இந்தத் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், எதையும் தின்னும், நாட்டு மீன்களை ஓரங்கட்டிவிட்டு ஏரி ஏரியாகப் பரவியது. ஹூண்டாய்க்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே நாட்டுக்குள் நுழைந்த இந்த அந்நிய முதலீட்டாளர், வரிச்சலுகையோ சிப்காட் நிலமோ கேட்கவில்லை என்பதைத் தொழில்துறையினர் கவனிக்க வேண்டும். உள்ளூர்வாசிகளின் நிலை என்ன ஆனது என்று விரால், கெளுத்தியிடம் கேட்டால் வேறு அறிக்கை வரும்.

சுடுதல் பற்றிய வெப்பவியல்

மீன் வேக அதிகச் சூடு தேவையில்லை. தண்ணீரில் மிதந்து வாழும் உடம்புக்கு எடை தாங்கும் தசைக்கட்டு வேண்டியதில்லை. ஆகவே அதன் இணைப்புத் திசு மெல்லியது, உட்புறம் 60 டிகிரியைத் தொட்டதுமே சதை இதழிதழாகப் பிரியும். ஆனால் தோல் பொன்னிறமாகி மணக்க வேண்டுமானால் மேற்பரப்பு 140 டிகிரியாவது ஏற வேண்டும். 1912இல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை அது. உள்ளே 60, வெளியே 140: இந்த இடைவெளியைச் சில நிமிடங்களுக்குள் கட்டிக்காப்பதுதான் மீன் சுடும் கலை.

இப்போது இந்தத் தடத்தின் வெப்ப வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மிதவைக் கண்ணாடி உருகும் உலை 1,500 டிகிரியைத் தாண்டும். டயரை அச்சில் இறுக்குவது 150 டிகிரிக்கு மேல். கார் உடம்புக்கு முதல் பூச்சு கொடுத்தபின் அதை 160 முதல் 180 டிகிரி வரையுள்ள நீண்ட அடுப்புக்குள் அனுப்பி உலர்த்துகிறார்கள். காய்கறி சுட இதைவிடப் பொருத்தமான வெப்பநிலை கிடையாது. சீராகவும் இருக்கும், ஒரு டிகிரி பிசகினால் அலாரம் வேறு அடிக்கும். தமிழ்நாட்டில் இவ்வளவு அடுப்பு அடர்த்தி வேறெங்கும் உண்டா என்பது ஐயம். ஆனால் அந்த அடுப்புகளைக் காக்கும் தொழிலாளி வீட்டுக்குப் போனால் இருப்பது இரண்டு பர்னர் கேஸ் ஸ்டவ், அல்லது ஓர் இண்டக்‌ஷன் ஸ்டவ். காரை வேகவைக்கத் தெரிந்தவருக்குக் கத்தரிக்காயை வேகவைக்க ஓவன் இல்லை.

வைத்திருந்தாலும் பயனில்லை. வெளியே நாற்பது டிகிரி, மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் அறை, அதற்குள் ஓர் ஓவனை முக்கால் மணி நேரம் ஓட்டினால் காய்க்கு முன் சமைத்தவர் தயாராகிவிடுவார். மேற்கத்திய சமையல் குறிப்புகள் கோடைக்கு இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அவர்களுடைய கோடை நம்முடைய மார்கழி என்பதே.

இவற்றோடு வாடகை ஒப்பந்தம் என்னும் பேரிடரும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் அவதரித்த ஊர். மரபின்படி ஆண்டு 1017, சித்திரைத் திருவாதிரை. அதாவது ஊரின் பெருவிழாவும் ஏறக்குறைய தடைக்காலத்தை ஒட்டியே வருகிறது. கடலும் கோவிலும் கலந்து பேசிக்கொண்டதுபோல. ஆதிகேசவப் பெருமாள் கோவிலைச் சுற்றிய தெருக்களில் வீடு கேட்டால் வாடகை, அட்வான்ஸுக்கு முன்பாக வரும் கேள்வி "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்பது. அது அவர்கள் உரிமை. ஆய்வாளருக்கு அதில் கருத்தில்லை. ஆனால் குழம்பை மூடிவைக்கலாம், சுட்ட மீனின் வாசனையை மூடிவைக்க எந்த மூடியும் இல்லை.

காயும், காய் சுடுகிறவர்களும்

சுடத் தகுந்த காய்கள் எவை என்பதில் இரு மரபுகள் உள. நெடுஞ்சாலையோர சூப்பர்மார்க்கெட்டில் வாங்குவோர் குடைமிளகாய், சுக்கினி, பிராக்கோலி என்பர். சந்தையில் வாங்குவோர் கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, சின்ன வெங்காயம் என்பர். இரண்டாம் மரபே இக்கட்டுரைக்கு உடன்பாடு. கத்தரிக்காயின் பெரும்பகுதி தண்ணீர். அதை நேரடித் தணலில் வாட்டினால் தோல் கருகிக் கவசமாகிவிடும், உள்ளே தன் நீரிலேயே வெந்து குழையும். வெண்டைக்காயை எண்ணெய் இல்லாத சூட்டுக்கல்லில் புரட்டினால் கொழகொழப்பு வற்றிவிடும். சுரைக்காயைச் சுட முயல்வோரை யாரேனும் தடுக்க வேண்டும்.

இனி ஒத்திவைத்த வினா. இந்தத் தடத்தில் சுட்ட காயும் மீனும் சேர்ந்த இரவுணவை உண்மையில் யார் சாப்பிடுகிறார்கள்?

கொரிய உணவகங்களில் உண்டு. நெடுஞ்சாலையில் கொரிய எழுத்துப் பலகைகளுக்குப் பின்னால் உப்புத் தடவிச் சுட்ட அயிலை இன மீனும், சுற்றிலும் சிறு கிண்ணங்களில் காய்கறியும், ஒரு கிண்ணம் சோறும் கிடைக்கும். ஜப்பானியரும் மீனை உப்பிட்டுச் சுடுவதில் வல்லவர்கள். ஆனால் அங்கே பில் இலகுவானதன்று. ஆய்வுக்குரிய மெய்யான களம் வல்லம், மாத்தூர், ஒரகடம் பக்கம் ஒரே அறையில் பலர் தங்கும் வரிசை வீடுகள். பீகார்க்காரர் கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கை நெருப்பில் வாட்டித் தோலுரித்து, பச்சை மிளகாய், பூண்டு, கடுகெண்ணெய் விட்டுக் கையால் மசிக்கிறார், அது சோக்கா. ஒடிசாக்காரர் கத்தரிக்காயை மட்டும் சுட்டு அதே வேலையைச் செய்கிறார். அவர் ஊரில் மீனை இலையில் மடித்துத் தணலில் போடும் வழக்கமும் உண்டு, வங்காளியிடமும் அதற்கு ஓர் உறவுமுறைப் பதார்த்தம் உண்டு. சுட்டு மசித்த கத்தரிக்காய் தமிழருக்குத் தெரியாததா என்ன? சிதம்பரத்துக் கொத்சுவின் பங்காளிதான் அது. நாம் அதைப் பொங்கலுக்கும் இட்லிக்கும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மீனுக்குப் பக்கத்தில் வைக்க மறந்துவிட்டோம்.

அவர்கள் வாங்கும் மீனும் கவனிக்கத்தக்கது: ரோகு, கட்லா. கங்கைச் சமவெளியின் மீன்கள். ஆற்றில் மட்டுமே இனம்பெருக்கிக்கொண்டிருந்த இந்தக் கெண்டைகளை ஊசி போட்டு முட்டையிடவைக்கும் முறையை ஹீராலால் சௌதுரி 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் செய்துகாட்டினார். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாள். அதன்பிறகுதான் கெண்டைக் குஞ்சு நாடெங்கும் குளங்களுக்கும் ஏரிகளுக்கும் போய்ச் சேர முடிந்தது. இன்று ஆந்திரக் குளங்களில் வளர்ந்து லாரியில் இங்கே வந்திறங்கும் கட்லாவை, ஒடிசாவிலிருந்து ரயிலில் வந்திறங்கியவர் வாங்குகிறார். தமிழ் வீட்டார் "முள்ளு ஜாஸ்தி" என்று நகர்ந்துபோகிற அதே கடையில். தடைக்காலத்தின் 61 நாளும் அவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அவருடைய மீன் கடலையே பார்த்ததில்லை. ஓவன் இல்லை, சுக்கினி இல்லை, குறிப்புப் புத்தகம் இல்லை. நடுத்தர வீடு திட்டமிட்டுக்கொண்டிருக்கும் கோடைக்கால இலகு மீனுணவு அங்கே ஷிப்ட் முடிந்து நடந்துகொண்டிருக்கிறது. ஆறு பேருக்குச் செலவைப் பங்கிட்டுக்கொள்வது ஒன்றுதான் அவர்களுடைய பொருளாதாரக் கோட்பாடு.

செய்முறை, உரையுடன்

ஜிலேபி, உள்ளங்கை அளவு. செதிலும் செவுளும் நீக்கி, கல்லுப்பு போட்டு மண்சட்டியில் தேய்த்துக் கழுவுக. 'மண்சட்டி' என்றது, சொரசொரப்பில் வழுவழுப்பு போகும் என்பதனால். வயிற்றின் உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை உரித்தெடுக்க. கசப்புக்கும் வாடைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. இருபக்கமும் மூன்று கீறல். கிளிமூக்கு மாங்காய் துருவல், பூண்டு, மிளகு, மஞ்சள், உப்பு சேர்த்து அரைத்துக் கீறலுக்குள் திணிக்க. மிளகாய்த்தூள் வேண்டுமா எனில், வேண்டா; கோடை, மேலும் சி ஷிப்ட்.

ஒரு பர்னரில் கத்தரிக்காயை வாட்டுக. மறு பர்னரில் இரும்புத் தோசைக்கல் புகையும்வரை காயட்டும். நான்ஸ்டிக் கல் இங்கே உதவாது. வெண்டைக்காய், சின்ன வெங்காயம், பாதியாக வெட்டிய தக்காளி முதலில். அவை கருகல் பட்டதும் ஓரத்துக்குத் தள்ளி, கல்லின் நடுவில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு மீனை வைக்க. வைத்தபின் தொடக் கூடாது. தோல் தானே கல்லை விடும். விடுமுன் கரண்டி போட்டால் தோல் கல்லுக்கு, சதை தட்டுக்கு. ஒருபக்கம் நான்கைந்து நிமிடம், புரட்டிப் போட்டு அதில் பாதி. பிறகு அடுப்பை அணைத்து, ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடிவைக்க. கல்லில் மிச்சமிருக்கும் சூடு முதுகெலும்புவரை போய் வேலையை முடிக்கும், அறையும் அனலாகாது. ஓவனுக்கு நம்முடைய பதில் இந்தக் கவிழ்த்த சட்டி. கத்தரிக்காயைத் தோலுரித்து, பச்சை வெங்காயமும் உப்பும் சேர்த்து, பீகார்க்காரர் சொற்படி ஒரு துளி கடுகெண்ணெய் விட்டு மசித்துப் பக்கத்தில் வைக்க.

மறுப்பு

இம்முறையைப் பரிசோதனைக்கு வைத்தபோது எதிர்வீட்டு அக்காவிடமிருந்து வந்த மதிப்பீடு சுருக்கமானது: "மீனச் சுட்ட, காயச் சுட்ட, சரி. குழம்பு எங்க?"

இக்கேள்வியை எளிதாக ஒதுக்க முடியாது. மீன் வாங்கிய வீட்டில் குழம்பு இல்லையென்றால் மறுநாள் காலை இட்லிக்கு எதுவும் இல்லை, மதியம் டிபன் பாக்ஸில் எதுவும் இல்லை. குழம்பு மூன்று வேளைக்கான முதலீடு. சுட்ட மீன் ஒரே வேளையில் கணக்கை முடித்துவிடுகிறது. ஆகவே நடைமுறையில் ஒரு சமரசம் உருவாகிறது. தலைகளையும் வால்களையும் தனியே எடுத்து, புளி கரைத்து, மாங்காய் மீதியையும் அதில் போட்டுப் பக்கத்திலேயே ஒரு சட்டி கொதிக்கத் தொடங்குகிறது. குழம்பு இருந்தால் சோறு வேண்டும். சோறு வடித்தால் ஒரு கரண்டியோடு நிற்பதில்லை. இலகு உணவு என்று தொடங்கியது எந்தக் கட்டத்தில் அந்தத் தகுதியை இழந்தது என்பதைக் கடிகாரம் வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனவே இலகு என்பதற்கு வரையறை தேடி, ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு இரவு ஷிப்டில் போகும் ஒரு பெரியம்மாவிடம் கேட்கப்பட்டது. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சாப்ட்டு பஸ் ஏறினா ராத்திரி மூணு மணிக்குக் கண்ணு சொருகக் கூடாது தம்பி. அதான் லைட்டு." இதைவிடத் துல்லியமான வரையறை இத்துறையில் இல்லையாதலால் இக்கட்டுரை அதை அப்படியே ஏற்கிறது. அவர் சொன்னது மீனைப் பற்றியன்று, ரசம் சாதத்தைப் பற்றி என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது.